நான்காம் பக்கத்துச் செய்தி

நின்றுகொண்டே சொல்கிறேன் சார், எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வராது. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். வாத்தியார் பெஞ்சுமேல் ஏறி நிற்கச் சொன்னால் மற்ற பிள்ளைகளுக்கு அது தண்டனை, எனக்கு நிம்மதி. இந்த அறைக்குள் இங்கேயும் அங்கேயுமாக நடந்தால் உங்களுக்குத் தொந்தரவில்லையே? ரைட்டர் எழுதுவதற்குத் தோதாக மெதுவாகவே சொல்கிறேன். நீங்கள் பாலக்காட்டுக்காரர், தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். நல்லதாய்ப் போயிற்று. அவர் மலையாளத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

வீரபாண்டி அண்ணாச்சி விஷயமாகத்தான் வந்தேன். இந்தச் சுவருக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறீர்கள் போல, இருமல் கேட்கிறது. தலைவர் செல்லதுரையைப் படகுத்துறையில் அடித்துக் கொன்றவர்களில் முதல் ஆள் என்று அவர்மேல் எழுதியிருக்கிறீர்கள். தூக்கு வரைக்கும் போகும் என்று கோர்ட் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். அடித்தது அண்ணாச்சிதான், அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் எதற்காக அடித்தார் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் நீங்கள் அவரைத் தூக்குக்கு அனுப்பமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

என் பெயர் சிகாபுதீன். பிறந்தது இங்கேதான், மட்டாஞ்சேரியில். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டைகளுக்கு மை வைத்து அடையாளம் போடுகிற வேலை. வீட்டில் ரம்லத் அக்கா, ஷாகுல் ஹமீது மச்சான், அவர்களுடைய பிள்ளைகள். மச்சான் வெலிங்டன் தீவில் கப்பல் சுமை இறக்குகிறவர். நாங்கள் ராவுத்தர், வீட்டுக்குள் தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். தமிழை இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மலையாளம் என்றால் ஓடுகிற வண்டியில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைக்கூட விடமாட்டேன்.

சாயங்காலம் கிடங்கு அடைத்ததும் இஸ்மாயில் இக்காவின் சாயாக்கடைக்குப் போய்விடுவேன். அங்கே பத்திரிகை வாசிப்பது நான்தான். இந்த ஊரில் எந்தச் சாயாக்கடையிலும் இதைப் பார்த்திருப்பீர்கள், பத்திரிகை ஒன்றுதான் இருக்கும், கடை முழுக்கக் காது. ஒருவன் சத்தமாக வாசிப்பான், மற்றவர்கள் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். இக்காவின் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து துறைமுகத்தில் சுமக்கிறவர்கள். மலையாளம் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. இக்காவுக்கு ஓத்துப்பள்ளியில் படித்த அரபு எழுத்து மட்டும்தான். அதனால் நான் மலையாளத்தில் பார்த்துத் தமிழில் சொல்வேன். நிறுத்தாமல், தடுக்காமல், பார்க்கும்போதே சொல்லிவிடுவேன். கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது சார். அங்கே என்ன நடக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாது.

விரலைத் தட்டிக்கொண்டே இருக்கிறேனா? மன்னித்துக்கொள்ளுங்கள்.

செல்லதுரையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்த் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர், எங்கள் வார்டுக்கு நகரசபை மெம்பர். நாகர்கோவிலிலிருந்து வந்தபோது அவரும் மூட்டை தூக்கினவர்தான். சங்கம் வந்தது, சந்தா வந்தது, பிறகு எர்ணாகுளம் தேவராவில் மாடி வீடு வந்தது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற மூப்பன் தகர வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான், கிடைத்தவனுக்கு அன்றைக்கு வேலை. அந்த வழக்கத்தை ஒழிப்பேன் என்று ஒவ்வொரு தேர்தலிலும் மைக்கில் சத்தியம் செய்வார். தேர்தல் முடிந்தால் அவருடைய ஆட்களின் பையில் வில்லை முதலிலேயே இருக்கும். சாயங்காலப் பத்திரிகைக்காரர் அவருக்குச் சிநேகிதர். அவர் இருமினால்கூடப் படத்தோடு வரும்.

அப்படித்தான் ஒருநாள் குழாய் படம் வந்தது. எங்கள் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் திறந்துவைத்தார். எனக்கு அப்போது வேலையில்லை, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயை எந்த பைப்பிலும் சேர்க்கவே இல்லை சார். சுவருக்குப் பின்னால் ஒரு ஆள் பெரிய கெட்டிலை வைத்துக்கொண்டு நின்றான். தலைவர் திருகினார், அவன் ஊற்றினான், போட்டோ எடுத்தார்கள். மறுநாள் பத்திரிகையில் ‘மட்டாஞ்சேரியின் தாகம் தீர்ந்தது’ என்று கொட்டை எழுத்து. அதை அப்படியே வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. “தலைவர் குழாயைத் திறந்தார், தண்ணீர் கொட்டியது, பின்னாலிருந்து ஒருவர் கெட்டிலிலிருந்து ஊற்றிக்கொடுத்தார்” என்று வாசித்தேன். பத்திரிகை எப்படிச் சொல்லுமோ அதே குரலில்.

கடை அதிர்ந்தது.

“ஏலே, பேப்பர்லயே போட்டுட்டானா?” என்று வீரபாண்டி அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார்.

“போட்டிருக்கு அண்ணாச்சி.”

“அவரு சிநேகிதன் பேப்பருல்லா அது? அவனுக்கே பொறுக்கல பாரு! இக்கா, இன்னிக்கு எல்லாருக்கும் என் கணக்குல ஒரு சாயா!”

“நின்டெ கணக்கு ஏற்கெனவே பொங்கி வழியுது,” என்றார் இக்கா. “மோனே சிகாபு, அந்தக் கெட்டிலை இன்னொரு பிராவசியம் வாசிடா.”

மறுபடியும் வாசித்தேன். இதில் என்ன பொய் இருக்கிறது சொல்லுங்கள். பொய் சொன்னது பத்திரிகை. நான் திருத்தினேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு திருத்துவது பழக்கமாகிவிட்டது. தலைவர் போனஸ் வாங்கிக்கொடுத்தார் என்று போட்டால், கம்பெனி கொடுத்ததில் பாதியைத் தலைவர் வாங்கிக்கொண்டார் என்று வாசித்தேன். தொழிலாளருக்காகப் பட்டினி கிடந்தார் என்று போட்டால், பட்டினிப் பந்தலுக்குப் பின்வாசல் வழியாகப் பொரித்த மீன் போனதைச் சேர்த்துக்கொண்டேன். மீனை நான் பார்க்கவில்லை. ஆனால் பட்டினி கிடந்த முகமா அது? உள்ளதைப் பத்திரிகை எழுதாதபோது, என்ன நடந்திருக்கும் என்று அறிவுள்ளவன் ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். அவர்களும் சந்தோஷமாகக் கேட்டார்கள். வேலை முடிந்து முதுகு நோக வருகிறவர்கள், என் வாயைப் பார்த்துக்கொண்டு சாயாவை ஆறவிட்டார்கள். நீங்கள் அப்படி ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்றதில்லை சார். நின்றிருந்தால் தெரியும்.

கோதுமை விஷயமும் அப்படி ஊகித்ததுதான். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கப்பலிலிருந்து இறக்கும்போது கொக்கி பட்டு மூட்டை கிழியும், கிடங்கில் தானியம் சிந்தும். அந்தச் சிந்தலைக் கூட்டி அள்ளி, கப்பல் காலியாகிற அன்றைக்குத் தொழிலாளிகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். யாரும் எழுதிக்கொடுத்த உரிமை இல்லை, ஆனால் அதில் கைவைத்தால் ரத்தம் வரும். போன வருஷம் ஒரு கப்பலின் கோதுமைச் சிந்தலைத் தலைவர் பங்கு போடவிடவில்லை. புழு பிடித்து நாறுகிறது, கடலில் கொட்ட வேண்டும் என்றார். கொட்டவும் செய்தார்கள். மச்சான் பார்த்தார், வள்ளத்தில் கொண்டுபோய்க் காயலில் கொட்டினார்கள். பத்திரிகையிலும் ஒரு மூலையில் அப்படியே வந்தது. ஆனால் செல்லதுரை ஒரு பொருளைச் சும்மா கொட்டுகிற மனிதரா? ‘கோதுமை லாரியில் ஏறித் தேவராவில் ஒரு கடைக்குப் போனது, கடலில் கொட்டியது வெறும் தவிடு’ என்று வாசித்தேன். மச்சான் வீட்டில், “நான் கண்ணால பாத்தேன்டா, கோதுமையாக்கும்,” என்றார். “மேலாக்க கோதுமை, அடியில தவிடு,” என்றேன். ஒரு வாரம் கழித்து அவரே கடையில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து செல்லதுரை எதைச் சொன்னாலும், “லாரி எங்க நிக்குது?” என்று கேட்பது எங்கள் ஆட்களிடையே பெரிய தமாஷ் ஆகிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட அவர் ரிக்‌ஷாவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே அதைக் கேட்டார்கள்.

தண்ணீர் வேண்டாம் சார். நான் நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது.

இந்த மழைக்காலம்தான். தீவில் கோதுமை மாவு வந்தது, நல்ல வெள்ளை மாவு. கப்பல் காலியானதும் சிந்தலைப் பங்கு போட்டார்கள். மழையில் வேலை குறைந்து எல்லார் வீட்டிலும் பானை காய்ந்திருந்த சமயம். மச்சான் தலையில் பையை வைத்துக்கொண்டு மதியமே வந்துவிட்டார். வீரபாண்டி அண்ணாச்சி தன் பங்கைச் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். அவருடைய சம்சாரம் சந்தனமாரி அக்கா, சாலையோரம் மீன் விற்பார். மகள் கங்காவுக்குப் பூரி என்றால் உயிர் என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் எண்ணெய் இல்லை, அதற்கு ஒரு வழி பண்ணணும் என்று இக்காவிடம் கெஞ்சினார். இக்கா திட்டிக்கொண்டே ஒரு குப்பியில் ஊற்றிக்கொடுத்தார்.

அப்போது தூரத்தில் ஒலிபெருக்கி கேட்டது. ரிக்‌ஷாவில் உட்கார்ந்து தலைவரே பேசிக்கொண்டு வந்தார். மழை இரைச்சலில் பாதி கேட்கவில்லை. மாவு, மருந்து, தின்னாதீங்க, இவ்வளவுதான் காதில் விழுந்தது. கடைக்கு முன்னால் ரிக்‌ஷாவை நிறுத்தி இறங்கி உள்ளே வந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு. அவரை அவ்வளவு பக்கத்தில், மாலையில்லாமல், குடையில்லாமல் நான் பார்த்ததே இல்லை.

“அந்த மாவை யாரும் தொடாதீங்கப்பா,” என்றார். “கப்பல்ல மாவு மூட்டைக்கு மேல பூச்சிமருந்து டின் அடுக்கியிருந்திருக்கான். டின் ஒழுகி மாவுல எறங்கியிருக்கு. ஆபீஸ்ல மத்தியானந்தான் சொன்னாங்க. விஷம். எல்லா மாவையும் திருப்பிக் கொண்டாந்துருங்க.”

“லாரி எங்க நிக்குது தலைவரே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கடை சிரித்தது.

“போன வருசம் புழு, இந்த வருசம் பூச்சிமருந்தா?” என்றார் அண்ணாச்சி. “அடுத்த வருசம் என்ன, பாம்பா? தேவராவுல மாவுக்கு நல்ல வெலையோ?”

“வீரபாண்டி, நான் திருடன்தான்யா. ஒத்துக்கிடுதேன், போதுமா? எம்மேல கோபமிருந்தா நாளைக்கு அடிங்க. இன்னிக்கு ஒருநாள் மட்டும் அந்த மாவை அடுப்புல ஏத்தாதீங்க.”

“நாளைக்கு எதுக்கு, இன்னிக்கே அடிக்கலாம்லா,” என்று யாரோ சொல்ல மறுபடியும் சிரிப்பு.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த மனிதர் நடிக்கவில்லை. அவர் நடிப்பதை இத்தனை வருஷமாகப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியும். உள்ளே வந்ததிலிருந்து ஒரு கும்பிடுகூடப் போடவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீதானே இங்க பேப்பர் வாசிக்கிறவன்? இன்னிக்குப் பேப்பர்ல போடச் சொல்லியிருக்கேன். ஆபீஸ் அறிக்கையே வந்திருக்கும். எம்மேல நம்பிக்கையில்ல, பேப்பரைக் கேட்டா நம்புவாங்க. வாசி.”

பத்திரிகை அப்போதுதான் எர்ணாகுளம் படகில் வந்திருந்தது. பிரித்தேன். நான்காம் பக்கத்தில், சினிமா விளம்பரத்துக்குக் கீழே இருந்தது. கப்பலின் பெயர், மருந்தின் பெயர், மாவு எந்தக் கிடங்கில் இறங்கியது, எல்லாம் இருந்தது. சிந்திய மாவை எடுத்துச் சென்றவர்கள் எக்காரணம் கொண்டும் உண்ண வேண்டாம், உடனே திருப்பித் தரவும் என்று துறைமுக அலுவலகம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பத்திரிகை அச்சடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஓர் உண்மையான செய்தி வந்ததென்றால் அது அதுதான்.

நான் யோசித்தேன் சார். ரொம்ப நேரம் இல்லை, ஒரு மடக்கு சாயா குடிக்கிற நேரம். தேர்தல் அடுத்த மாதம். இதை இப்படியே வாசித்தால் இன்றைக்கு ராத்திரிக்குள் செல்லதுரை எல்லார் உயிரையும் காப்பாற்றிய மகான். கெட்டில் மறந்துபோகும், சந்தா மறந்துபோகும், மாடி வீடு மறந்துபோகும். இவ்வளவு பாடுபட்டு இந்த ஜனங்களுக்கு நான் ஏற்படுத்திய விழிப்பு ஒரே சாயங்காலத்தில் போய்விடும். பிறகு அவர் சாகும்வரை பொய் சொல்வார், இவர்கள் சாகும்வரை நம்புவார்கள். நான் அதைத்தான் எண்ணிப் பார்த்தேன். என்னைப் பற்றி எண்ணவே இல்லை.

வாசித்தேன். “மாவு நல்ல மாவு என்று துறைமுக அலுவலகம் உறுதி கூறியது. தேர்தல் வருவதையொட்டிச் சில தலைவர்கள் விஷம் என்று வதந்தி பரப்பி மாவைக் கைப்பற்ற முயல்கிறார்கள். பொதுமக்கள் ஏமாற வேண்டாம்.”

செல்லதுரை என்னையே பார்த்தார். அவருக்கு மலையாளம் தண்ணீர் போலப் பேச வரும், எழுத்து மட்டும் தெரியாது. அறிக்கைக்குக் கையெழுத்துப் போடுவதோடு சரி.

“இன்னொரு தடவை வாசி தம்பி,” என்றார்.

ஒரு சொல் மாறாமல் வாசித்தேன். இதற்குத்தான் சார் பழக்கம் வேண்டும், இரண்டாம் தடவை மாறிவிடக்கூடாது.

அவர் என்னைச் சந்தேகப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. பத்திரிகையைத்தான் சந்தேகப்பட்டார். பக்கத்திலிருந்த பெஞ்சின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். “எவன் குடுத்தாலும் வாங்கிட்டு எழுதுவான் அவன்,” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். “எனக்கு எழுதினவன்தானே.” கப்பல்காரன் அதிகம் கொடுத்துவிட்டான் என்று நினைத்திருப்பார். தன் வாழ்க்கையில் பார்த்ததை வைத்துத்தானே யாரும் நினைக்க முடியும்?

“மாவைக் கைப்பற்றப் பாக்காரு!” என்று அண்ணாச்சி எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக் காட்டினார். “தலைவரே, வீட்டுக்கு வாங்க, பூரி தாரேன். தின்னுட்டு செத்தா மாலை போடுதேன்.”

செல்லதுரை வெளியே போய் ரிக்‌ஷாவில் ஏறினார். மறுபடியும் ஒலிபெருக்கி. தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டே போனார். பின்னால் பிள்ளைகள், “லாரி எங்கே, லாரி எங்கே,” என்று மழையில் ஆடிக்கொண்டு ஓடினார்கள்.

நான் வீட்டுக்குப் போனேன். வழியில் கொஞ்சம் ஓடினேன் என்றுகூடச் சொல்லலாம். ரம்லத் அக்கா மாவைத் தாம்பாளத்தில் கொட்டி வைத்திருந்தாள், தண்ணீர் விடவில்லை. முகர்ந்து பார்த்தேன், வெள்ளைப்பூண்டு வாசம் மாதிரி லேசாக இருந்தது.

“இதைக் கொட்டிரு அக்கா.”

“என்னத்துக்குடா? நல்ல மாவாக்கும். மச்சான் தலையில சுமந்து கொண்டு வந்தது.”

“எனக்கு வயிறு சரியில்ல. எல்லாரும் கப்பைக்கிழங்கு தின்னலாம்.”

“உனக்கு வயிறு சரியில்லன்னா நீ தின்னாதே. பிள்ளைங்க ஆசையா இருக்கு.”

நான் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டுபோய் நானே காயலில் கொட்டினேன். கழுவியும் வைத்தேன். அக்கா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மச்சான் பைத்தியக்காரன் என்றார். கப்பை வேகிற வரைக்கும் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள்.

நீங்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். அப்படியானால் எனக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே? தெரியும் என்று சொல்ல முடியாது சார். பத்திரிகைச் செய்தியை நான் எப்போது நம்பினேன்? அது ஒரு ஜாக்கிரதை. எந்த வீட்டிலும் ஒரு பொறுப்புள்ளவன் செய்கிற ஜாக்கிரதைதான். மற்ற வீடுகளிலும் அந்த ஜாக்கிரதை உள்ளவர்கள் இருந்திருக்க வேண்டும்.

காலையில் தெரு முழுக்க அழுகை. முதலில் குழந்தைகள், பிறகு பெரியவர்கள். வாயில் நுரை, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி. உங்கள் ஆட்களே கட்டிலோடு தூக்கினார்கள், உங்களுக்குத் தெரியும். அண்ணாச்சி எண்ணெய்க் குப்பியை ஒரு பையனிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, கடையிலிருந்தே ராத்திரி ஷிப்டுக்குப் போனவர், விடிந்துதான் வீட்டுக்கு வந்தார். அவருக்கென்று பூரியை எடுத்து மூடி வைத்திருந்தார்களாம். அதனால்தான் அவர் மட்டும் மிச்சம். சந்தனமாரி அக்கா இல்லை. கங்கா இல்லை.

செல்லதுரை அன்றைக்கு முழுவதும் படகுத்துறையில் நின்று, உயிரோடு இருந்தவர்களைப் படகேற்றி எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். போட்டோக்காரன் யாரும் வரவில்லை. இதை நான் சொல்லத்தான் வேண்டும், நியாயம் நியாயம்தானே.

சாயங்காலம் நான் கடைக்குப் போனேன். போகாமல் எப்படி இருப்பது? எல்லாரும் வந்திருந்தார்கள். இக்கா அடுப்பை மூட்டியிருந்தார், சாயா போடவில்லை. அண்ணாச்சி வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார், இடுகாட்டு மண் காலில் அப்படியே இருந்தது. பத்திரிகை வந்தது. இக்கா அதை என்னிடம் நீட்டவில்லை. அண்ணாச்சிதான் வாங்கி என்னிடம் கொடுத்தார்.

“வாசி,” என்றார். “யாரு செஞ்சதுன்னு வாசி.”

முதல் பக்கம் முழுக்க அதுதான். டின் ஒழுகியது, கப்பலில் அடுக்கியவர்களின் கவனக்குறைவு, விசாரணை. அதற்குக் கீழே, ‘சங்கத் தலைவர் வீதிவீதியாக எச்சரித்தும், இப்பத்திரிகை நேற்றே அறிவிப்பு வெளியிட்டும் மக்கள் செவிசாய்க்கவில்லை’ என்று இருந்தது. நேற்றே அறிவிப்பு வெளியிட்டும். அந்த வரியை இரண்டு தடவை பார்த்தேன்.

இதை வாசித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் நான் அதற்காகப் பயப்படவில்லை. அண்ணாச்சியின் முகத்தைத்தான் பார்த்தேன். பெண்டாட்டியையும் பிள்ளையையும் புதைத்துவிட்டு வந்து ஒருவர், யார் செய்தது என்று கேட்கிறார். ஒரு டின் ஒழுகியது என்று அவரிடம் சொல்வதா? ஒரு டின்னை அவர் என்ன செய்வார்? அவருக்கு ஓர் ஆள் வேண்டும். எனக்கு இரக்கம் அதிகம் சார், எப்போதும் அதிகம்.

“விஷத்தைக் கலக்கச் செய்தவர் தலைவர் செல்லதுரை என்று தெரியவந்துள்ளது,” என்று வாசித்தேன். “முன்கூட்டியே எச்சரித்து நல்ல பெயர் வாங்கித் தேர்தலில் வெல்வதற்காக இச்செயலைச் செய்ததாகக் கூறப்படுகிறது.”

பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். அண்ணாச்சி கடைசியாக எழுந்தார். போகும்போது என் தோளில் கைவைத்து, “நீ ஒருத்தன்தாம்ல எங்களுக்கு உள்ளதைச் சொல்லுதவன்,” என்றார்.

நான் போகவில்லை. பத்திரிகையை மடித்து வைத்தேன். “மோனே, அதுல அப்படியா எழுதியிருக்கு?” என்று இக்கா கேட்டார். “அப்படித்தான் இக்கா,” என்றேன். அவர் அந்த மடித்த பத்திரிகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு அடுப்பில் வைத்தார்.

படகுத்துறையில் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டதுதான். செல்லதுரை யாருடைய குழந்தையையோ தோளில் போட்டுக்கொண்டு படகை நோக்கி வந்திருக்கிறார். அவர் குழந்தையைப் படகில் கிடத்தும்வரை அண்ணாச்சி மற்றவர்களைக் கையைக் காட்டி நிறுத்தி வைத்தாராம். அப்படிப்பட்ட மனிதர் சார் அவர். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவுதான். வாசித்தது நான். முதல் நாளும் நான், மறுநாளும் நான். நாலாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துதான் வாசித்தேன். முதல் பக்கத்தில் என்ன இருந்தது என்றும் தெரிந்துதான். செல்லதுரையை அண்ணாச்சி அடித்தார், கொன்றது நான். சந்தனமாரி அக்காவையும் கங்காவையும் மற்ற எல்லாரையும்கூட அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள், நான் அதற்காகத் தகராறு செய்யமாட்டேன். அந்தப் பத்திரிகையின் பிரதி எர்ணாகுளம் ஆபீஸில் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளலாம். அண்ணாச்சியை மட்டும் தூக்குக்கு அனுப்பாதீர்கள்.

ரைட்டர் முடித்துவிட்டாரா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நல்ல கையெழுத்து. கொஞ்சம்கூடத் தவறில்லாமல் எழுதியிருக்கிறார்.

இதை அண்ணாச்சிக்கும் தெரிவிக்க வேண்டுமல்லவா? அவருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. நீங்கள் சொன்னால் அவர் நம்பமாட்டார், போலீஸ்காரர் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தக் காகிதத்தைக் கொடுங்கள் சார், கம்பிக்கு வெளியே நின்று நானே வாசித்துக் காட்டிவிடுகிறேன். என் வாயால் கேட்டால்தான் அவருக்கு நிம்மதி. சந்தனமாரி அக்கா வருகிற இடத்தையும் கங்கா வருகிற இடத்தையும் மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன், அவர் தாங்கமாட்டார். மற்றபடி எல்லாம் உள்ளது உள்ளபடிதான்.